மூச்சில் விசில் சத்தம்: இ.எஸ்.ஐ.யா, இழப்பீட்டு ஆணையரா, சிவில் கோர்ட்டா?

அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. ஃபேன் பேரிங் போய்விட்டது போல என்று மேலே பார்த்தேன். ஃபேன் ஓடவே இல்லை, கரண்ட் போயிருந்தது. சத்தம் அவருடைய மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அம்பத்தூர்ப் பக்கம் குரோம் பிளேட்டிங் (குரோம் முலாம் பூசும்) பட்டறையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவர். தொட்டியில் குரோமிக் ஆசிட் கரைசல் இருக்கும். கரண்ட் பாய்ந்ததும் குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடையும். உடைகிற ஒவ்வொரு குமிழியும் ஆசிட் சாரலைக் காற்றில் தெளித்துவிட்டுப் போகும். தொட்டி விளிம்பில் உறிஞ்சும் குழாய் ஒழுங்காக வேலை செய்தால் அந்தச் சாரல் வெளியே போய்விடும். இல்லையென்றால் குனிந்து ஜாப் (முலாம் பூச வேண்டிய பொருள்) மாட்டுகிறவர் மூக்குக்குள் போகும். இரண்டு நாசிக்கும் நடுவில் உள்ள குருத்தெலும்பை வருஷக்கணக்கில் அரித்துத் துளை போட்டுவிடும். பெரும்பாலும் வலிக்காது. முதலில் பொருக்கு, நடுநடுவே ரத்தம், அப்புறம் ஒருநாள் மூச்சு விட்டால் விசில். பழைய பிளேட்டிங் ஆட்கள் இதை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை.

அவரை வாட்டியது துளை இல்லை, இளைப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மாடிப்படி ஏற முடியவில்லை. முதலில் பார்த்த டாக்டர் சீட்டில் 'ஒவ்வாமை' என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, எதுல போட்டா ஜாஸ்தி கிடைக்கும்?"

எங்கள் சங்க அலுவலகத்துக்கு மனு எழுத வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு: இந்த நோய் வேலையால் வந்ததா இல்லையா என்பதை யார் நிரூபிக்க வேண்டும்? ஒரு வழியில் நீங்கள் நிரூபிக்க வேண்டும். இன்னொரு வழியில் 'வேலையால் வரவில்லை' என்று எதிராளி நிரூபிக்க வேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கு வழக்கின் பாதித் தலையெழுத்து இங்கேயே முடிவாகிவிடுகிறது. தொகையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 அமலுக்கு வந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டம் இரண்டும் அதற்குள் போய்விட்டன. பிரிவு எண்கள் மாறிவிட்டன, மனு எழுதுகிறவர் புது எண்ணைப் பார்த்துப் போட வேண்டும். ஆனால் நோய்ப் பட்டியலும், இ.எஸ்.ஐ., இழப்பீட்டு ஆணையர் என்ற இரண்டு பாதைகளின் அடிப்படை அமைப்பும் பழைய சட்டங்களிலிருந்து வந்தவைதான். எல்லோரும் இன்னும் பழைய பெயரிலேயே பேசுவதால் நானும் பழைய சட்டங்களை வைத்தே சொல்கிறேன்.

இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணைதான் தொழில்நோய்ப் பட்டியல். மூன்று பகுதிகள். முதல் பகுதியில் ஈயம், ஈயச் சேர்மங்களால் வரும் நோய்கள், ஆர்கனோ பாஸ்பரஸ் பூச்சிமருந்து விஷம் போன்றவை. இவற்றுக்கு இத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பேட்டரிப் பட்டறையில் ஈயம் உருக்குகிறவர் மூன்றே மாதத்தில் படுத்தாலும் பட்டியலுக்குள் வந்துவிடுவார். இரண்டாவது பகுதி நீளமானது: குரோமியம், பாதரசம், பென்சீன், ஆர்செனிக், மாங்கனீசு, காட்மியம், கார்பன் டை சல்ஃபைடு, தொழில்வழி ஆஸ்துமா, தோல் நோய்கள், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய் எனப் போகும். இதற்குக் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது பகுதி சிலிக்கோசிஸ், பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் மாதிரி தூசி நோய்கள். ஸ்பின்னிங் மில்காரர்களுக்கும் கல் உடைக்கிறவர்களுக்கும் உரியது அது.

உங்கள் நோய் பட்டியலில் இருந்து, வேலையும் பொருந்தி, காலமும் சரியாக இருந்தால், அது வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பட்டியலுக்கு வெளியே உள்ள நோய் என்றால், வேலையில் நடந்த ஒரு குறிப்பிட்ட விபத்தால் நேரடியாக வந்தது என்று நீங்களே காட்ட வேண்டும். வருஷக்கணக்காகச் சுவாசித்த நஞ்சுக்கு எந்தத் தேதியை விபத்து என்று சொல்வது? அதனால் டாக்டரிடம் போகும்போதே 'ஒவ்வாமை'க்கும் 'தொழில்வழி ஆஸ்துமா'வுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டில் அந்த 0.75 சதவீதம்

அடுத்த கேள்வி, உங்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா? இருந்தால் எந்த வழி என்ற யோசனைக்கே பெரும்பாலும் இடமில்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆவது பிரிவு, காப்பீட்டுக்குள் இருக்கும் தொழிலாளி அதே பாதிப்புக்கு முதலாளியிடம் வேறு சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்கிறது. கவனக்குறைவு என்று சிவில் வழக்கு போடுவதையும் இது தடுக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது. ஆணையரிடமும் போக முடியாது, சிவில் கோர்ட்டுக்கும் போக முடியாது.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். 'இ.எஸ்.ஐ.ல என்ன கிடைச்சிடப் போவுது' என்ற அலட்சியம் நம் ஊரில் நிறைய. ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இதற்குள் வருவார். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. வேலையால் வந்த ஊனம் அல்லது நோய் என்று ஏற்றுக்கொண்டால், வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்கச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரும். நிரந்தரமாக உழைக்கும் திறன் குறைந்தால், மெடிக்கல் போர்டு எத்தனை சதவீதம் என்று சொல்கிறதோ அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். இறந்துவிட்டால் சார்ந்திருப்போருக்கும் அதே 90 சதவீத அடிப்படையில் பங்கு பிரித்துத் தருவார்கள்.

அதே நோயைச் சாதாரண நோய் என்று எழுதிவிட்டால் கிடைப்பது நோய்க்கால உதவித்தொகை: 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைதான். நம்மவர் சீட்டில் இருந்த 'ஒவ்வாமை' என்ற ஒரு சொல் அவரை இந்த 70-க்குள் தள்ளியிருந்தது. அவரோ சீட்டைப் படித்தே பார்க்கவில்லை. பலரும் படிப்பதில்லை, எழுத்தும் அப்படித்தான் இருக்கிறது.

முதலாளி இ.எஸ்.ஐ. கட்டாமல் ஏமாற்றியிருந்தால்? கட்ட வேண்டிய இடத்தில் கட்டாததற்காகத் தொழிலாளியின் பலன் போகக்கூடாது என்பதுதான் சட்டம். இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் பணத்தைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள 68ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்களும் உண்டு. அதற்குச் சம்பளச் சீட்டுதான் சாட்சி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆணையரிடம் போவோர்

ஆறேழு பேர் வேலை செய்யும் ஷெட், 21,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர், லேப் கெமிஸ்ட், இ.எஸ்.ஐ. எட்டாத வேலைகள். இவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரி ஒருவர்தான் இழப்பீட்டு ஆணையராக உட்கார்ந்து விசாரிப்பார். வேலை செய்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையரிடமும் மனு போடலாம். அம்பத்தூரில் மூச்சைத் தொலைத்துவிட்டு விழுப்புரத்துக்குத் திரும்பியவர் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியதில்லை.

இங்கே கிடைப்பது மொத்தத் தொகை. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்குவார்கள். மரணம் என்றால் 50 சதவீதம். காரணி 30 வயதுக்கு 207.98, நாற்பதுக்கு 184.17, ஐம்பதுக்கு 153.09. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 வரைதான். 2020 ஜனவரி வரை அது வெறும் 8,000-ஆக இருந்தது என்பதை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

இரண்டு பாதையையும் ஒரே ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 40, சம்பளம் 15,000, உழைக்கும் திறன் இழப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆணையர் வழி: 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530. அதில் 40 சதவீதம் 6,63,012 ரூபாய். ஒரே தடவை.

இ.எஸ்.ஐ. வழி: தினக்கூலி ஏறத்தாழ 500, அதில் 90 சதவீதம் 450, அதில் 40 சதவீதம் 180. மாதத்துக்கு ஏறக்குறைய 5,400, வருஷத்துக்கு 65,700.

பத்து வருஷம் கொஞ்சம் தாண்டினால் இ.எஸ்.ஐ. முந்திவிடும். நாற்பது வயதுக்காரர் ஐம்பதைக் கடந்து இருந்தாலே போதும். நுரையீரல் மோசமாகி நாளை என்ன ஆகுமோ என்று இருப்பவருக்கு ஆறரை லட்சம் கண்ணில் படும். அது இயல்புதான். ஆனால் மொத்தமாக வந்த பணம் வீட்டில் தங்கும் காலம் எனக்குத் தெரியும். தங்கச்சி கல்யாணம், பழைய வட்டி, மச்சான் ஆட்டோ. மாதம் ஐயாயிரம் வருகிற குடும்பத்தில் மாத்திரை நிற்பதில்லை. இது என்னுடைய சாய்வு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆணையர் வழியில் உள்ள பெரிய ஓட்டை அந்த ஆறு மாதக் கணக்கு. இரண்டாவது பகுதி நோய்களுக்கு 'அதே முதலாளியிடம்' தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்கிறது இழப்பீட்டுச் சட்டம். வேறு பட்டறையில் அதே வேலை பார்த்த காலம் சேராது. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் பெயரை மாற்றுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? எல்லோரும் இதற்காகத்தான் மாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் மாற்றினால் லாபம் யாருக்கு என்பது தெரிகிறது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் அந்த 'அதே முதலாளி' என்ற கட்டு இல்லை. பட்டறை மாறி மாறிப் பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இன்னொரு பிடி: இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி யாருடைய வேலைக்காகக் கான்ட்ராக்டர் ஆள் அனுப்பினாரோ அந்த முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். கான்ட்ராக்டர் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டுப் போனாலும் கம்பெனி வாசல் அங்கேயே இருக்கும்.

இதற்கெல்லாம் பி.எஃப். பாஸ்புக் ஒரு வரம். எந்த மாதம் எந்த நிறுவனப் பெயரில் பணம் கட்டியிருக்கிறது என்று வரிசையாக நிற்கும். 'இந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று வாயால் சொல்லலாம், பாஸ்புக்கை அழிக்க முடியாது.

காலக்கெடு இரண்டு வருஷம். தொழில்நோய்க்கு, வேலைக்குப் போக முடியாமல் தொடர்ந்து படுத்த முதல் நாளைத்தான் விபத்து நாளாகக் கொள்வார்கள். வேலையை விட்டு நின்ற பிறகு இரண்டு வருஷத்துக்குள் அறிகுறி தெரிந்தால், அறிகுறி முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நாள் விபத்து நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. தகராறு என்றால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போக மூன்று வருஷம். ஆணையரின் தீர்ப்பு வந்த பிறகு முதலாளி உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இழுத்தடித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை தண்டமும் சேரும். சிவில் கோர்ட்டில் இப்படி ஒரு கடிவாளம் கிடையாது.

சிவில் கோர்ட் யாருக்கு?

பட்டறைத் தொழிலாளிக்கு நான் சொல்வதில்லை. இங்கே எல்லாவற்றையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்: முதலாளிக்குக் கடமை இருந்தது, அதில் தவறினார், அந்தத் தவறால்தான் நோய் வந்தது. 'இவர் பீடி குடிப்பார்' என்ற ஒரே வரியில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு வருஷம் ஓட்டிவிடுவார். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். 30 லட்சம் கேட்டால் அப்போதும் 90,000 ரூபாய். வசதி இல்லாதவர் என்று மனு போட்டுக் கட்டணம் இல்லாமல் வழக்கு நடத்த வழி உண்டு, ஆனால் அந்த மனுவே தனி விசாரணை.

ஆனால் மாதம் 60,000 வாங்கும் கெமிஸ்டை நினைத்துப் பாருங்கள். ஆணையர் அவரையும் 15,000-க்காரராகவே கணக்கிடுவார். இ.எஸ்.ஐ.யும் கிடையாது. பென்சீனில் இருபது வருஷம் வேலை பார்த்து ரத்த அணுக்கள் குறைந்துவிட்ட அப்படிப்பட்டவருக்கு, படித்தவர், ஆவணங்களைச் சேர்த்து வைத்தவர், இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகளும் கையில் இருக்கின்றன என்றால், சிவில் வழக்கு அர்த்தமுள்ளது. ஒரு எச்சரிக்கை: ஏதாவது ஒரு படியைத்தான் ஏற முடியும். சிவில் கோர்ட்டில் இழப்பீட்டு வழக்கு போட்டவர் பிறகு ஆணையரிடம் வர முடியாது. ஆணையரிடம் மனு போட்டவருக்கும் அந்தக் கதவு சாத்தியாகிவிடும். எதில் முதலில் காகிதம் போகிறது என்பதில் கவனம் வேண்டும். வக்கீல் அவசரத்தில் எதையாவது ஃபைல் பண்ணிவிடக் கூடாது.

வக்கீல் என்றதும் நினைவு வருகிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசும் வக்கீலிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஒரு எட்டு போய்ப் பாருங்கள். அப்படிப் பங்கு பேசுவது வக்கீல்களின் தொழில் ஒழுங்குக்கே விரோதம்.

பேசி முடிப்பது, கூட்டாகப் போவது

கொடைக்கானல் பாதரச வழக்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980களில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக்கடையில் கிடந்தது 2001இல் வெளியே தெரிந்ததும் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவருக்கும் 591 முன்னாள் தொழிலாளர்கள், குடும்பத்தாருக்கும் உடன்பாடு கையெழுத்தானது 2016 மார்ச்சில். தொகையை வெளியே சொல்லவில்லை. ஆலை மூடியதிலிருந்து பதினைந்து வருஷம். வென்றார்கள்தான். ஆனால் 591 பேர் சேர்ந்து நின்றார்கள், உலகம் முழுக்கப் பேச வைத்தார்கள். ஷெட்டில் ஆறு பேர் இருக்கும் இடத்துக்கு இந்தக் கணக்கு வராது.

அறிவிக்கப்பட்ட தொகைகள் என்றால் உச்ச நீதிமன்றப் பொதுநல வழக்குகளைப் பார்க்கலாம். 1995 ஆஸ்பெஸ்டாஸ் தீர்ப்பில் பாதிக்கப்பட்ட தொழிலாளருக்கு ஒரு லட்சம் ரூபாய். கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் ஆலைகளில் வேலை பார்த்து சிலிக்கோசிஸில் இறந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்கு, தலா மூன்று லட்சம் கொடுக்க 2016இல் குஜராத்துக்கு உத்தரவிட்டது. அந்த மனிதர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது, முதலாளி பெயர்கூடச் சிலருக்குத் தெரியாது. வேறு எந்தக் கதவும் திறக்காதவர்களுக்கான வழி அது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதும் அந்த வகைதான். கையில் இ.எஸ்.ஐ. எண் வைத்திருப்பவர் இதற்குக் காத்திருப்பது வீண்.

1995 தீர்ப்பில் இன்னொன்று இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலை முதலாளிகள் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு லட்சத்தைவிட அந்த வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முதலாளி கூப்பிட்டு 'ஒரு ஐம்பதாயிரம் வாங்கிக்கோ, கையெழுத்து போட்டுடு' என்பது வேறு ரகப் பேச்சு. இழப்பீட்டுச் சட்ட உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆவது பிரிவு சொல்கிறது. முறையான உடன்பாடு என்றால் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைப் பேப்பரில் போட்ட கையெழுத்தால் உரிமை போகாது. ஆனால் அதில் 'எனக்கு எந்த நோயும் இல்லை' என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த வரிதான் பிறகு போர்டு முன்னால் வந்து நிற்கும். செட்டில்மென்ட் பணம் வாங்குங்கள், அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள்.

நம்மவர் என்ன செய்தார்

அவருக்கு இ.எஸ்.ஐ. ஒன்பது வருஷமாக இருந்தது. ஆக, வழி தீர்மானமாகிவிட்டது. மிச்சம் இருந்தது 'ஒவ்வாமை'யை மாற்றுவது.

மூக்குத் துளைக்குப் போர்டு பெரிய சதவீதம் போடாது. துளை இருந்தால் கை வேலை நிற்காது அல்லவா? ஆனால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஊரில் எல்லோருக்கும் இளைப்பு வரலாம். குரோமிக் ஆசிட் தொட்டி பக்கத்தில் பதினோரு வருஷம் நின்றவருக்கு நடுத்தடுப்பில் துளை என்றால், அந்தக் காற்றுதான் நுரையீரலுக்கும் போயிருக்கிறது என்பதை யாரும் மறுப்பது கஷ்டம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அளவோடு எழுதி வாங்கச் சொன்னேன். டிரம் லேபிளையும் தொட்டி விளிம்பில் உடைந்து கிடந்த உறிஞ்சும் குழாயையும் போனில் படம் எடுத்தார். வேலையில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய படங்கள் இவை, நின்ற பிறகு வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். தொழில்நோய் என்று சந்தேகிக்கும் டாக்டர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆவது பிரிவு. அதை டாக்டரிடம் பணிவாகவே கேட்கலாம், நிறையப் பேருக்குச் சொன்னால்தான் ஞாபகம் வரும்.

இளைப்புக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. தொழில்வழி ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க நெஞ்சு டாக்டர்கள் ஒரு எளிய வேலை சொல்வார்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய், சில நூறு ரூபாய். நாளைக்கு நான்கு தடவை ஊதி எண்ணைக் குறித்து வர வேண்டும், வேலை நாளிலும் லீவு நாளிலும். வேலை நாளில் எண் இறங்கி லீவில் ஏறினால் மூச்சுக்கு எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

அதை வாங்கச் சொல்ல வாயெடுத்தபோது அவர் மனைவி பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். பையனுடைய பழைய கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார், ஒரு ராத்திரிக்கு ஒரு வரி. எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை தடவை இன்ஹேலர் பம்ப் அடித்தார். எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். "பம்பு சீக்கிரம் தீர்ந்துபோவுதுங்க, கடைக்காரர் ஏமாத்துறாரோன்னு எழுதினேன்" என்றார்.

பத்து மாதக் கணக்கு. திங்களிலிருந்து சனி வரை இரண்டு தடவை, மூன்று தடவை. ஞாயிறு ராத்திரிகளில் ஒன்று, சில ஞாயிறுகளில் எதுவும் இல்லை. பொங்கலுக்குப் பட்டறை நான்கு நாள் அடைத்திருந்தது. அந்த நான்கு தேதிக்கும் எதிரே கோடு மட்டும் போட்டிருந்தார். நெஞ்சு டாக்டர் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து கேஸ் ஷீட்டோடு பின் பண்ணி வைத்துக்கொண்டு, மீட்டரையும் வாங்கிவரச் சொன்னார்.